அரசனுக்கும் நிபந்தனை வைத்த கடிதம்

முப்பத்திரண்டு வயதில் பணி ஓய்வு உரை நிகழ்த்துவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். என்ன செய்ய? கணவருக்கு டல்லாஸில் வேலை மாறிவிட்டது, வீட்டுச் சாமான்களில் பாதி அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன, புது ஆசிரியர்களான நீங்கள் மூன்று பேரும் அடுத்த மாதம் என் வகுப்பறைக்குப் பொறுப்பேற்கப் போகிறீர்கள். மான்மவுத் ஜங்ஷனில், வருமான வரி அலுவலகத்துக்கும் தோசைக் கடைக்கும் நடுவில் இருக்கிற அதே ஒற்றை அறை. பதினொரு மணிக்கு மேல் சாம்பார் வாசனை வரும், பிள்ளைகள் கவனம் சிதறும், அதற்கு மருந்து கிடையாது.

வரலாற்றுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது நம் வேலை. விதிகள், தேதிகள், காட்சிப் பலகை எத்தனை அடி இருக்க வேண்டும் என்பதெல்லாம் மேசை டிராயரில் கோப்பாக வைத்திருக்கிறேன். அவற்றை நீங்களே படித்துக்கொள்வீர்கள், எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள். நான் சொல்ல வந்தது, நம் வாய்க்குள் பதில் தயாராக இருக்கும்போது வாயை மூடிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பற்றி. அதைப் போன வசந்தத்தில் கயல் என்ற பெண்ணை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

கயல், பக்கத்து ஊர் வெஸ்ட் வின்ட்சர், பத்தாம் வகுப்பு. வட்டாரச் சுற்றில் ஜெயித்து மாநிலச் சுற்றுக்கு வந்திருந்தாள். அவள் அப்பா செந்தில் ஈரோட்டுக்காரர், ஐ.டி.யில் ப்ராஜெக்ட் மேனேஜர். அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. மாநிலச் சுற்றைத் தாண்டி தேசியப் போட்டிக்குப் போனால் அடுத்த வருடமும் அவள் நம் வகுப்புக்கு வரலாம். தாண்டாவிட்டால் வரலாறு அத்துடன் முடிந்தது. நம் வகுப்பு நடக்கும் சனிக்கிழமை நேரம் முழுக்கக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பயிற்சிக்கு. கயலுக்குக் கோப்பை ஒரு பொருட்டே இல்லை. வரலாற்றை விடாமல் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு அவள் ஜெயித்தே ஆக வேண்டும்.

மற்ற பிள்ளைகளெல்லாம் உலகப் போரையும் நிலவுப் பயணத்தையும் பிடித்துக்கொண்டபோது, இவள் எழுநூறு வருடப் பழைய ஸ்காட்லாந்துக் கடிதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். ஆர்புரோத் பிரகடனம் என்று பெயர். 1320-இல் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் சேர்ந்து போப்பாண்டவருக்கு லத்தீனில் எழுதியது. விஷயம் இதுதான்: இங்கிலாந்து எங்கள்மேல் உரிமை கொண்டாடுகிறது, நாங்கள் தனி நாடு, எங்களில் நூறு பேர் உயிரோடிருக்கும் வரை இங்கிலாந்துக்குப் பணிய மாட்டோம், புகழுக்காகவோ செல்வத்துக்காகவோ இல்லை, சுதந்திரத்துக்காகவே போராடுகிறோம். கீழே வரிசையாக மெழுகு முத்திரைகள். முதல் தடவை அவள் படித்துக் காட்டியபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. எனக்கு எளிதில் புல்லரிக்கும், அது வேறு விஷயம்.

இந்தக் கடிதத்தைப் பற்றி அமெரிக்காவில் ஒரு பேச்சு உண்டு. இந்த நாட்டின் சுதந்திரப் பிரகடனத்துக்கே இதுதான் முன்மாதிரி என்று. செனட்டின் தீர்மானம் ஒன்றிலேயே அப்படி எழுதியிருக்கிறது. கயல் அதையே தன் வாதமாக எடுத்துக்கொண்டாள். மூன்று மடிப்புப் பலகையின் நெற்றியில் "அமெரிக்கச் சுதந்திரத்தின் தாய்" என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளை ஒட்டியிருந்தாள். முத்திரைகளைச் செந்தில் அண்ணா செய்தார். சிவப்பு, பச்சை மெழுகுவர்த்திகளை உருக்கி ஊற்றி, சூடு ஆறுவதற்குள் முறுக்கு அச்சின் தட்டுகளை வைத்து அழுத்தி, ரிப்பனில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். நட்சத்திரத் தட்டு, ரிப்பன் பக்கோடாத் தட்டு, எல்லாம் ஸ்காட்லாந்துப் பிரபுக்களாகிவிட்டன. வட்டாரச் சுற்றில் நடுவர்கள் அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம்.

அவர் செய்த இன்னொரு காரியம், நடுவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளையெல்லாம் ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு, பக்கத்திலேயே பதிலும் எழுதி, கடினமான கேள்விகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசிக் கொடுத்தது. கயல் அத்தனையையும் மனப்பாடம் செய்திருந்தாள். சிரிக்காதீர்கள். நாம் எல்லோரும் பன்னிரண்டாம் வகுப்பு அப்படித்தான் தாண்டினோம். நம் வீட்டுப் பெற்றோர் யாரும் இதை ஏமாற்று என்று நினைப்பதில்லை, அக்கறை என்றுதான் நினைக்கிறார்கள். அக்கறைதான். அதில் உள்ள ஆபத்தும் அதுதான்.

போட்டிக்கு முந்தைய சனிக்கிழமை ஒத்திகை வைத்தேன். நான்தான் நடுவர். கயலுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அவள் பேச்சைப் பெரும்பாலும் நான்தான் இங்கே தமிழாக்கித் தருகிறேன்.

"அமெரிக்கப் பிரகடனத்தை எழுதினவங்க இதைப் படிச்சாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"செனட் தீர்மானத்துல இருக்கு," என்றாள், ஷீட்டில் இருந்த மாதிரியே.

"செனட்டுக்கு யார் சொன்னாங்க?"

சிரித்தாள். பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது. "அக்கா, நிஜமாவே கேக்கறேன். யார் சொன்னாங்க?"

எனக்கும் தெரியவில்லை. இருவரும் உட்கார்ந்து தேடினோம். அமெரிக்கப் பிரகடனத்துக்காகப் பிலடெல்பியாவில் கூடியவர்கள் எழுதிய கடிதங்கள், குறிப்புகள், வரலாற்றாசிரியர்களின் கட்டுரைகள். அந்தக் கூட்டத்தில் ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள் இருந்தார்கள், உண்மை. இரண்டு ஆவணங்களிலும் ஒத்த எண்ணங்கள் உண்டு, உண்மை. இதைப் பார்த்துத்தான் அதை எழுதினார்கள் என்று காட்ட நேரடி ஆதாரம் ஒன்றும் சிக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் பலரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் என் தலைக்குள் முதலில் வந்தது "இருக்கலாம்" என்ற சொல். முன்மாதிரியாக இருக்கலாம், தூண்டியிருக்கலாம், அவர்கள் காதுக்கு எட்டியிருக்கலாம். அந்த ஒரு சொல்லை வைத்துத் தைத்தால் எந்தக் கிழிசலும் வெளியே தெரியாது. இந்த வேலையில் உங்களுக்கும் அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். எடுக்கும் முன் ஒரு தடவை பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். கயல் பலகையின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாங்கி வந்த பழத்துக்குள் புழுவைப் பார்த்த மாதிரி.

அழைத்துப்போக வந்த செந்தில் அண்ணாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க மேடம், செனட்டே சொல்லிப்போட்டாங்க. அதுக்கு மேல யாருகிட்டங்க போயி ப்ரூஃப் வாங்கறது?"

"அவங்களுக்கு எங்கிருந்து தெரிஞ்சதுன்னுதான் அண்ணா தேடறோம். கிடைக்கல."

"அடுத்த சனிக்கிழம போட்டி, எங்க பாஷையில கோ-லைவ். இப்பப் போயி ரிக்வயர்மென்ட்ட மாத்தறீங்களே."

"ரிக்வயர்மென்ட் மாறல அண்ணா. டெஸ்டிங்ல பக் வந்திருக்கு."

"பக் வந்தா, நோன் இஷ்யூ, தெரிஞ்ச கோளாறுதான்னு ஒரு வரி போட்டு ரிலீஸ் பண்ணிருவமுங்க நாங்க."

"அப்பா!" என்று கயல் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க," என்றார். "நடுவருங்க இதைக் கண்டுபுடிப்பாங்களா?"

"பெரும்பாலும் மாட்டாங்க," என்றேன். அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அப்பறம் என்னங்க?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தீர்ப்பு சொல்லியிருக்கலாம், வாய் வரை வந்தது. ஆனால் தோற்றால் இழப்பு எனக்கில்லை. "பலகை உன்னுது கயல். நீ சொல்லு," என்றேன்.

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "மாத்தி, தோத்துட்டா, டீல் அப்பவும் டீல்தானா?"

"டீல் டீல்தான் கண்ணு."

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் டைம் குடுங்க," என்றாள்.

செவ்வாய்க்கிழமை பலகையோடு வந்தாள். நெற்றியில் எழுத்துகள் இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது.

"தாயைக் கழட்டிட்டேன்," என்றாள். "கழட்டினதுக்கு அப்புறம் ஒண்ணு புரியல அக்கா. இது யாருக்கும் தாய் இல்லேன்னா எனக்கு ஏன் இன்னும் பிடிச்சிருக்கு?"

இதைவிட நல்ல கேள்வி இந்த அறையில் யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. நான் கடிதத்தின் மொழிபெயர்ப்பை அவளிடம் நகர்த்தினேன். அவள் விரலை நேராக ஓர் இடத்தில் வைத்தாள். எதிரிகளிடமிருந்து தங்களை மீட்ட அரசனைப் பிரபுக்கள் வாயாரப் புகழும் இடம். புகழ்ந்துகொண்டே வந்து திடீரென்று சொல்கிறார்கள்: இவரே தொடங்கிய வேலையைக் கைவிட்டு, எங்களையோ எங்கள் நாட்டையோ இங்கிலாந்துக்குக் கீழே கொண்டுபோகப் பார்த்தால், இவரையும் எதிரி என்று விரட்டிவிட்டு, எங்களைக் காக்கக்கூடிய வேறொருவரை அரசராக்கிக்கொள்வோம்.

"வெளியாளைப் பாத்து 'போ'ன்னு யாரும் சொல்வாங்க," என்றாள் கயல். "இவங்க சொந்த ராஜாவைப் பாத்துச் சொல்றாங்க. அதுவும் போப் படிக்கற லெட்டர்லயே."

இங்கே ஒரு நிமிடம், என் ஆசைக்கு. நான் மதுரையில் வரலாறு படித்தவள். நம் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி வரும், தெரியும்தானே? அரசன் எந்த எந்த நாட்டை வென்றான், யார் யாரைப் புறமுதுகிட்டு ஓடச் செய்தான் என்று அடுக்கிக்கொண்டே போகும். படிக்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் நான் படித்த எந்த மெய்க்கீர்த்தியிலும், இத்தனையும் செய்தாய், இதை மட்டும் செய்தால் உன்னை அனுப்பிவிடுவோம் என்று ஒரு வரி வந்ததில்லை. அதைச் சொன்னதும் கயல் நிமிர்ந்தாள். இன்னொன்றும் சொன்னேன்: அந்தக் கடிதத்தை அரசனின் அலுவலகமே எழுதியிருக்க வேண்டும் என்று பல அறிஞர்கள் நினைக்கிறார்கள். தன்னை நீக்கலாம் என்ற வரியைத் தன் எழுத்தரை வைத்தே எழுதவிட்டிருக்கிறான், வெளியே மிடுக்காகத் தெரியட்டும் என்று. வெறும் பேச்சுக்காக எழுதிய வரியாகக்கூட இருக்கலாம்.

"பேச்சுக்குன்னாலும் எழுதியாச்சே," என்றாள்.

"எங்க ஆஃபர் லெட்டர் மாதிரிதானுங்க," என்றார் பின்னால் வந்து நின்ற செந்தில் அண்ணா. "முதல் பத்தியில வாங்க வாங்கம்பான், மூணாம் பத்தியில எப்ப வேணா அனுப்புவேம்பான். இவங்க அத ராஜாவுக்கே அடிச்சுக் குடுத்திருக்காங்க."

கயல் தன் அப்பாவையே பார்த்தாள். ஷீட்டுக்கு வெளியே அவர் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம் அது. பசைத் தடத்தின் மேல் புதிய தலைப்பை அன்றே ஒட்டினாள்: "அரசன் எதுவரை அரசன்?"

மாநிலச் சுற்று ஒரு கல்லூரி அரங்கில். நடுவர்கள் பலகைக்குப் பலகை நின்று கேள்வி கேட்பார்கள். பெற்றோரும் பயிற்றுநர்களும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கலாம், பேசக்கூடாது, கை காட்டக்கூடாது. கயலிடம் இரண்டு நடுவர்கள் வந்தார்கள். உயரமான ஒருவர், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிய ஓர் அம்மா. முதல் கேள்விகள் எல்லாம் அடித்துத் துவைத்தவை. கயல் மளமளவென்று சொன்னாள். பக்கத்தில் செந்தில் அண்ணா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த அம்மா முத்திரை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார்: "இவர்கள் நாட்டின் முழுச் சமூகத்தின் சார்பிலும் 'நாங்கள்' என்று எழுதுகிறார்கள். அந்த நிலத்தை உழுதவர்களிடம் யாராவது கேட்டார்களா?"

கயல் வாயைத் திறந்தாள். மூடினாள்.

எனக்கு ஒரு பதில் தெரியும். நல்ல பதில், நடுவர்களுக்குப் பிடிக்கிற மாதிரி. அவள் கண் என்னைத் தேடியது.

"மேடம், ஏதாச்சும் ஜாடை காட்டுங்க," என்று செந்தில் அண்ணா மூச்சுவிடாமல் கிசுகிசுத்தார். "புள்ள நிக்குதுங்க."

உதட்டை அசைத்தால் போதும், பிடித்துக்கொள்வாள். அவ்வளவு கெட்டிக்காரி. விதி இருக்கிறது என்பதால் மட்டும் நான் நின்றேன் என்று சொல்ல மாட்டேன். நான் கொடுத்தால் அது இன்னொரு ஷீட். நான் கண்களை அவளிடமிருந்து எடுத்து, வெளியேறும் கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கில் வைத்தேன். இந்த ஊருக்கு வந்த பிறகு நான் செய்த மிகக் கடினமான வேலை, ஒரு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான்.

"கேக்கல," என்றாள் கயல். "கேட்டதா நான் எங்கேயும் படிக்கல." பலகைப் பக்கம் திரும்பினாள். "தங்களுக்குத் தேவைப்பட்டதைவிடப் பெரிய 'நாங்கள்' ஒண்ண அவங்க எழுதிட்டாங்கன்னு நினைக்கிறேன். அமெரிக்கப் பிரகடனத்திலயும் அப்படித்தான். எழுதினப்ப யாரெல்லாம் அதுக்குள்ள இல்லையோ, அவங்க பின்னாடி அதே தாளைக் காட்டித்தான் 'நாங்க எங்க?'ன்னு கேட்டாங்க."

"அது உனக்கு ஏன் முக்கியம்?" என்றார் அந்த அம்மா.

"எங்க வீட்டுல நான் மட்டும்தான் சிட்டிசன். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே அப்பா அம்மா இங்க வந்துட்டாங்க, இன்னும் கிரீன் கார்டு க்யூல நிக்கறாங்க. பதினெட்டு வயசானா நான் ஓட்டுப் போடுவேன், அவங்க வெளிய கார்ல காத்திருப்பாங்க. யாராவது 'நாங்கள்'னு எழுதினா, அப்பா அதுல இருக்காரான்னு நான் பாப்பேன். இந்தக் கடிதத்துலயும் அப்படித்தான் பாத்தேன். அப்பா மாதிரி ஆளு அதுல இல்ல. ஆனா இல்லைங்கறதைப் படிச்சுக் கேக்க முடிஞ்சுது. எழுதி வச்சதால."

அந்த அம்மா முத்திரையை மெதுவாக ரிப்பனிலேயே விட்டார். நன்றி சொல்லிவிட்டு இருவரும் அடுத்த பலகைக்குப் போனார்கள்.

செந்தில் அண்ணா என் பக்கம் திரும்பினார். "இது ஷீட்ல இல்லீங்களே மேடம்," என்றார்.

மாலையில் பெயர்களை வாசித்தார்கள். கயல் பெயர் வரவில்லை. பழைய தலைப்போடு போயிருந்தால் வந்திருக்குமா? தெரியாது. உங்களிடமும் ஒரு நாள் யாராவது ஒரு பெற்றோர் இதைக் கேட்பார். தெரியாது என்றே சொல்லுங்கள், ஆறுதலுக்காக எதையும் சேர்க்காதீர்கள்.

பார்க்கிங்கில் பலகை வேனுக்குள் நுழைய மறுத்தது. மூன்று பேரும் சேர்ந்து சாய்த்து, திருப்பி, ஒரு வழியாக உள்ளே தள்ளினோம். கயல் அழவில்லை. "அப்பா, டீல் டீல்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேந்துக்கறேன்," என்றாள், தமிழில். முக்கியமானது என்றால் அவளுக்குத் தமிழ் வந்துவிடுகிறது.

அவர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "அது கெடக்கட்டும். நீ அந்தம்மாவுக்குச் சொன்னதுல ஒண்ணு தப்பு."

"என்ன தப்பு?"

"நூறு பேரு உசுரோட இருக்கற வரைக்கும் சண்ட போடுவோம்னு எழுதியிருக்குதுல்ல? அந்த நூறு பேரு யாரு? பண்ணையக்காரப் பிரபுவா முன்னால போயி நிப்பான்? உழுதவன்தான் ஈட்டியத் தூக்கிட்டுப் போயிருப்பான். அப்பறம் அவனக் கேக்கலைன்னு எப்படிச் சொல்ற?"

"சண்டைக்குக் கூப்பிடறதும் கேக்கறதும் ஒண்ணாப்பா?"

"அவன் வரலைன்னு சொல்லியிருந்தா?"

"சொல்ல முடியுமா?"

"அதத்தான் நான் கேக்கறேன். எவனாச்சும் ஒருத்தன் வரமாட்டேன்னு சொன்னானா, சொன்னவன என்ன பண்ணுனாங்க, எங்கியாச்சும் எழுதி வெச்சிருக்குதா?"

"தெரியாது."

"தெரியாதா? அப்பப் பாக்கோணும்ல?"

"எப்பப் பாக்கறது? எனக்குத்தான் கிளாஸ் முடிஞ்சிருச்சே," என்றாள். இப்போதுதான் குரல் உடைந்தது.

அவர் வேனின் பின்கதவை இழுத்துச் சாத்தினார். என் பக்கம் திரும்பவே இல்லை. "சனிக்கிழம காத்தால கம்ப்யூட்டர் சயின்ஸு. மத்தியானம் மேடம் கிளாஸு. ரண்டுக்கும் வண்டி ஓட்டறவன் நானு. உனக்கென்ன கஷ்டம்?"

"டீல்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன்." சாவியை எடுத்தார். "ஆனா அந்த ஈட்டிக்காரன் விஷயம் எனக்குத் தெரிஞ்சாகோணும்."

ரூட் ஒன் நெடுஞ்சாலை வரை அவர்கள் வேன் எனக்கு முன்னால்தான் போனது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் உள்ளே இரண்டு பேருடைய கைகளும் ஆடிக்கொண்டிருந்தன.

கயல் இந்தச் செப்டம்பரில் உங்கள் வகுப்புக்கு வருகிறாள். ஈட்டிக்காரர்களைத் தேடும் வேலை பாதியில் இருக்கிறது. நான் போன பிறகு அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், அவளுக்குப் பதிலாகத் தேடித் தராமல். செந்தில் அண்ணா கொண்டுவிட்டுப் போகிற மாதிரி வருவார், ஆனால் போக மாட்டார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு கேள்வியோடு நிற்பார். அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.